பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தவை

வீடு பார்க்க வருகிறவர்கள் பின்பக்க பால்கனிக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். கூடத்தில் வாய் ஓயாமல் பேசியவர்கள், சமையலறை அலமாரிகளைத் திறந்து திறந்து மூடியவர்கள், குளியலறைக் குழாயைத் திருகித் தண்ணீர் வரும் வேகத்தைப் பார்த்துத் தலையாட்டியவர்கள், பால்கனிக் கதவைத் தாண்டி ஒரு அடி வைத்ததும் அடங்கிப்போனார்கள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். "சரிங்க, கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். கலந்து பேசினார்களோ என்னவோ, ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

அன்று வந்த தம்பதி போனபிறகு, அவர்கள் நின்ற இடத்திலேயே போய் நின்று பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறம் தெரிந்தது. மழையில் ஊறி உப்பிப்போன செய்தித்தாள் கட்டுகள், துருப்பிடித்த கட்டில் சட்டம், மூடியில்லாத டிரம்கள், அவற்றில் தேங்கிய பச்சைத் தண்ணீர், ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்தால் வருகிற வாடை. இதெல்லாம் பல வருஷமாக இருக்கிற கூத்துதான், அவளுக்குப் பழகிவிட்டது. பழகாத ஒன்றும் இருந்தது. குப்பைக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துப் போடப்படவில்லை, தெருவைப் பார்த்தும் போடப்படவில்லை. இரண்டும் அவளுடைய பால்கனியைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன.

இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கையில் பேப்பரோ போனோ எதுவும் இல்லை. ஏதோ படம் ஓடுகிற மாதிரி அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புரோக்கர் மாடிப்படியில் வைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எந்த வீட்டுக்குள்ளும் குரலைத் தாழ்த்திப் பழக்கமில்லாத ஆள் அவர்.

"மேடம், உண்மையச் சொல்லட்டா? உங்க வீட்ல ஒரு குறையும் இல்ல. ஆனா வாங்கறவன் உங்க வீட்ட மட்டுமா வாங்கறான்? பக்கத்து வீட்டையும் சேத்துத்தான் வாங்கறான். அதப் பாத்துட்டு எவன் அட்வான்ஸ் குடுப்பான், சொல்லுங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"போய்ப் பேசுங்க. அக்கம்பக்கம்தானே. தன்மையாச் சொன்னா கேக்காமலா போயிடுவாங்க?"

தன்மையாகப் பேசுவதற்கு முதலில் பேச்சுவார்த்தை இருக்க வேண்டும். கட்டியவர் ஒரே சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு வீடுகளை ஒட்டவைத்துக் கட்டி விற்றிருந்தார். இங்கே சமையலறை வலது பக்கம் என்றால் அங்கே இடது பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை வருஷம் ஒரே சுவரில் முதுகு சாய்த்து வாழ்ந்தும், வாசலில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டுக்கு யாரும் வந்து அவள் பார்த்ததில்லை. அவளும் போனதில்லை.

ஆனால் வீடு விற்றே ஆக வேண்டும். கணவனின் தொழிற்சாலையைத் தூக்கி வேறு ஊரில் வைத்துவிட்டார்கள். அவன் அங்கே நான்கைந்து பேரோடு ஒரு அறையில், ஒரே கழிவறைக்கு வரிசையில் நின்று, ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வீடு போனால்தான் அங்கே ஒரு வீடு. மகளுக்கு அந்த ஊர்ப் பள்ளியில் இடம் வாங்கியாகிவிட்டது. குழந்தைக்கு வீட்டில் வைத்த பெயர் சுண்டெலி, அப்பா வைத்தது. தினமும் சாயங்காலம் போனில் "எங்க என் சுண்டெலி?" என்று அவன் கேட்கும்போது குழந்தை போனைக் காதில் வைக்காமல் முத்தம் கொடுக்கும். ராத்திரி அப்பாவின் பழைய சட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கும். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மறுநாள் பக்கத்து வீட்டு மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த அம்மாளை முதல்முறையாக அவள் கிட்டத்தில் பார்த்தாள். வயதை மதிப்பிட முடியாத முகம். இவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், எதிரில் யார் வந்தாலும் முதலில் இரண்டு கண்மணிகளுக்கு நடுவிலுள்ள அகலத்தைத்தான் கவனிப்பாள். லென்ஸ் பொருத்த அந்த அளவு வேண்டும், கைவந்த பழக்கம் வீட்டிலும் விடாது. இந்த அம்மாளின் கண்கள் ரொம்பவும் அகன்றிருந்தன. இதற்கு ஃபிரேம் கிடைப்பதே கஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. வீடு விக்கறோம்ல, வர்றவங்க பின்னாடி பாத்துட்டு... கொஞ்சம் ஒதுங்க வச்சீங்கன்னா நல்லாருக்கும்."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. திரும்பி உள்ளே பார்த்தாள். உள்ளே இருட்டில் அவள் கணவர் சுவரோரம் நின்றிருந்தார்.

"எப்படி வேணும்னு சொல்லுங்க," என்றாள். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னா அப்படியே செஞ்சுடுவோம்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று எதிர்பார்க்காததால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெருசா ஒண்ணும் வேணாம்க்கா. எங்க வீடு மாதிரி இருந்தாப் போதும்."

"உங்க வீடு மாதிரி," என்று அந்த அம்மாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. குப்பை போன இடம் தெரியவில்லை. டிரம்கள் போயின, வாடை போயிற்று, நாற்காலிகளும் போயின. கணவரும் மனைவியுமாக ஏணி போட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், பிறகு அதன்மேல் அவள் வீட்டுக்கு அடித்திருந்த அதே இளம் மஞ்சளை அடித்தார்கள். ஜன்னல்களில் அவள் வீட்டில் தொங்கியது போலவே கோடு போட்ட திரைச்சீலைகள் தொங்கின. பால்கனிக் கம்பியில் அவளைப் போலவே கால்மிதியைக் காயப்போட்டார்கள். அவளுடையதில் ஒரு மூலை நூல் பிரிந்திருக்கும். அதிலும் அதே மூலை பிரிந்திருந்தது.

அவளுக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நம்மைப் பார்த்து நாலு பேர் திருந்தினால் நல்லதுதானே என்று கணவனிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

புரோக்கருக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே நான் பாத்துக்கறேன் மேடம். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. பார்ட்டி வர்றப்ப வீட்ல சாமான் கம்மியா இருக்கணும். சுவத்துல உங்க குடும்பப் படமெல்லாம் வேணாம், அதப் பாத்தா இது வேற யாரோ வீடுன்னுதான் தோணும். அவங்க படத்த அங்க மாட்டிப் பாக்கணும், மனசுல. அப்புறம்... பாப்பாவும் இருக்க வேணாமே. குழந்தைங்க இருந்தா கவனம் சிதறுது."

"எல்லாத்தையும் எங்க கொண்டு போய் வைக்கறது?"

மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. பக்கத்து வீட்டம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"இங்க குடுத்து வைங்க. இடம் நிறைய இருக்கு."

வீடு விற்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். முதல் தடவை சுவரில் இருந்த படங்களையும் குழந்தையின் சைக்கிளையும் மதில் மேல் தூக்கிக் கொடுத்தாள். அடுத்த தடவை தையல் மிஷின், ஜாடி ஆடுகிற பழைய மிக்சி, கணவன் விட்டுப்போன துணிகள். அதற்கடுத்த தடவை மேசையின் இழுப்பறையைப் பிரிக்கக்கூட நேரமில்லாமல், பழைய போன், சாவிகள், நூல்கண்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றோடும் அப்படியே உருவிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் இரண்டு கைகளையும் நீட்டி, தூங்குகிற குழந்தையை வாங்குகிற மாதிரி ஜாக்கிரதையாக வாங்கிக்கொண்டாள். கடைசியாக சுண்டெலியும் போவாள். "பெரியம்மா வீட்ல சமத்தா இரு, அம்மா கூப்பிடறேன்."

முதலில் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே திருப்பி வாங்கினாள். பிறகு, நாளைக்கும் யாரோ வரப்போகிறார்கள், எதற்கு வெட்டி வேலை என்று விட்டுவிட்டாள். குழந்தையை மட்டும் கூட்டி வருவாள்.

காலியான வீட்டில் சத்தம் அதிகமாகக் கேட்கும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, விளக்கைப் போட மனமில்லாமல் கூடத்துத் தரையில் கால்நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தம் வரும். ஜாடி ஆடாமலிருக்க மூடியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை, பிறகு நீளமாக ஒரு முறை அவள் ஓட்டுவாள். அங்கேயும் அப்படித்தான் ஓடியது. தையல் மிஷின் ஓடும். பிறகு பூட்டைத் திறக்கிற சத்தம், செருப்பைக் கழற்றி உதறுகிற சத்தம், பையைக் கதவுக் கொக்கியில் மாட்டுகிற சத்தம், பிறகு ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு அவளுடையது. வேலை விட்டு வந்ததும் தான் விடுகிற மூச்சு அப்படி இருக்கும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

"அண்ணனக் கொஞ்ச நாளா காணோமே?" என்று ஒருநாள் மதிலோரம் கேட்டாள்.

"அவர் வெளியூர்லதானே இருக்கார்," என்றாள் பக்கத்து வீட்டம்மா. "ஷிப்ட் வேலை. இந்த வீட்டுப் பிரச்சினை முடிஞ்சாத்தான் நாங்க போய்ச் சேரணும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து சிரித்தாள். சாயங்கால வெயில் அந்த முகத்தில் நேராக விழுந்தது. இவள் வழக்கம்போல இரண்டு கண்களுக்கு நடுவே அளந்தாள். திரும்பவும் அளந்தாள். வளர்ந்த மனிதருக்கு அந்த அளவு மாறவே மாறாது. பல் விழும், முடி கொட்டும், முதுகு வளையும், கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள அகலம் சாகிறவரை அப்படியே இருக்கும். இதைத் தினமும் வேலையில் பார்க்கிறவள் அவள்.

அந்த அம்மாளின் கண்கள் ஒன்றுக்கொன்று கிட்ட வந்திருந்தன.

வெளிச்சம் ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள்.

அடுத்து வந்தவர்கள் ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியரும் அவர் மனைவியும். வந்தவர்கள் நேராக உள்ளே வரவில்லை, முதலில் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வந்தார்கள்.

"அக்கம்பக்கம் எப்படின்னு பாக்கணும்ல," என்று ஆசிரியரின் மனைவி சொன்னார். முகம் மலர்ந்திருந்தது. "நல்ல குடும்பம்மா. வீடுன்னா அப்படி இருக்கணும், உள்ள நுழைஞ்சதுமே தெரியுது. அந்தப் பொண்ணு அவ்வளவு அன்பாப் பேசறா. குழந்தை அப்படியே அம்மாவ உரிச்சு வச்சிருக்கு."

"அது..." என்றாள் அவள். "அது என் குழந்தை."

அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், அவளையும் தாண்டி. "இங்க ரொம்ப நாளா யாரும் இல்லையோ?" என்று கணவரிடம் கேட்டார்.

அவர்கள் போனதும் அவள் ஓட்டமாக ஓடிப்போய்க் குழந்தையை அழைத்து வந்தாள். வா என்றதும் தாவி வருகிற குழந்தை, அன்று செருப்பைத் தேடித் தேடி மாட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் வந்ததும் வாசற்படியிலேயே நின்றது.

"இங்க ஒண்ணும் இல்ல," என்றது.

"எல்லாம் அங்க இருக்குடா. புது ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போலாம்."

"நான் அங்கயே சாப்ட்டேன். அம்மா பால் குடுத்தா."

"பெரியம்மா."

படுக்கும்போது குழந்தை அப்பாவின் சட்டையைக் கேட்கவில்லை. நடுச்சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, உள்ளங்கையைச் சுவரில் பரப்பி வைத்துக்கொண்டு தூங்கிப்போனது.

அவள் கணவனுக்குப் போன் செய்தாள். பயமாக இருக்கிறது, வீடு போனாலும் பரவாயில்லை, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் செய்தாள்.

"என்ன மறுபடியும்?" என்றான் அவன். குரலில் தூக்கம். "சாயங்காலம்தானே அவ்வளவு நேரம் பேசி வச்சே?"

"நானா?"

"பழைய நம்பர்லேர்ந்து. சுண்டெலிகூடப் பாட்டுப் பாடினாளே. ஏன், என்ன ஆச்சு? உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது, ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

காலையில் முதல் வேலையாக அங்கே போய் நின்றாள். "என் சாமான் எல்லாம் வேணும்க்கா. இப்பவே."

"எடுத்துக்கங்க," என்றாள் பக்கத்து வீட்டம்மா. இவள் கொடுத்து வைத்த நைட்டியைத்தான் உடுத்தியிருந்தாள். "தாராளமா எடுத்துக்கங்க, உங்களுதுதானே. ஆனா இன்னிக்கு அந்த ஆசிரியர் அட்வான்ஸோட வர்றாராமே. புரோக்கர் சொன்னார். வீட்ட அப்படியே காலியா வச்சிருந்தாத்தான் அவங்களுக்குப் பிடிச்சிருக்காம்."

அவள் நின்றாள். அங்கே கணவன் கழிவறை வரிசையில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. பள்ளி திறக்கப்போவது வந்தது. இன்னும் கொஞ்ச நாள். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது, இந்தச் சுவரின் பக்கம் தலைவைத்துப் படுக்கவே வேண்டாம். சாமானா பெரிது? குழந்தையை மட்டும் இனிமேல் அனுப்பக் கூடாது. அவ்வளவுதான். அப்படி நினைத்துத்தான் வெறுங்கையோடு திரும்பினாள். அதை நினைத்து நினைத்து மனசு ஆறாமல் போகப்போகிறது என்று அப்போது அவளுக்கு யார் சொல்வது?

ஆசிரியர் சொன்ன சொல் மாறவில்லை. பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வீடு அவள் பேரில் இருந்ததால் அவள் கையெழுத்து போதும். மதியம் பதிவு, கணவன் சாயங்காலம் பஸ்ஸில் வந்துவிடுவான், பிறகு வாடகைக் காரில் மூன்று பேருமாகக் கிளம்புவது என்று ஏற்பாடு. பெரிய சாமான்களுக்குப் பின்னால் லாரி அனுப்பலாம்.

அன்று குழந்தை கூட வர மறுத்தது. பக்கத்து வீட்டு கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இழுக்க இழுக்க நின்றது. தெருமுனையில் புரோக்கர் ஹார்ன் அடித்துக்கொண்டேயிருந்தார். பதிவாளர் எழுந்து போய்விட்டால் இன்னொரு வாரம் ஆகும் என்றார்.

"விட்டுட்டுப் போங்க," என்றது ஒரு குரல் கேட்டுக்கு உள்ளிருந்து. "பத்திரமா இருப்பா."

கடைசித் தடவைதானே. விட்டுவிட்டுப் போனாள்.

பதிவு அலுவலகத்தில் கூட்டம், வியர்வை, மை வாடை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையெழுத்தை அலுவலர் ஒருமுறை பார்த்தார், அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார், அடையாள அட்டையிலிருந்த படத்தை நிறைய நேரம் பார்த்தார். "பழைய போட்டோவா?" என்றார். ஆமாம் என்றாள். ஆசிரியரின் மனைவி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் நன்றி சொன்னார்.

அவள் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தெருவிளக்கு எரிந்தது. வாசலில் வாடகைக் கார் நின்றது.

பக்கத்து வீட்டு வாசலில்.

அவர் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். சந்தோஷம் வந்தது. உடனே போய்விட்டது.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆண் குரல். அவள் கணவனின் சிரிப்பு.

மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தது சுண்டெலி. தலையை வாரிப் பின்னியிருந்தது. புது உடுப்பு. நிமிர்ந்து அவளைப் பார்த்தது. உள்ளே திரும்பியது.

"அம்மா! பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்திருக்காங்க!"

"உள்ள வரச் சொல்லுடா கண்ணு. இதோ வரேன்."

அது அவள் குரல். பிசிறில்லாமல் அவள் குரல்.

கூடத்தில் அவளுடைய மேசை. அவளுடைய தையல் மிஷின். சுவரில் அவளுடைய குடும்பப் படங்கள், வரிசை மாறாமல். அவற்றைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். கணவன் இருந்தான். கைக்குழந்தையாகச் சுண்டெலி இருந்தாள். நடுவில் நின்றவளின் உடை அவளுடையது.

கணவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். இளைத்திருந்தான்.

"என்னங்க," என்றாள்.

அவன் சிரித்தான். முன்பின் பழகாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"வாங்க, வாங்க. இத்தனை வருஷம் பக்கத்துல இருந்தும் ஒரு வார்த்தை பேசினதில்ல. நல்லவேளை, கிளம்பற நேரத்துல வந்தீங்க. இவ இப்பதான் கையெழுத்துப் போட்டுட்டு வந்தா. பாப்பாவ நீங்கதான் பாத்துக்கிட்டீங்களாம், ரொம்ப நன்றி."

"என்னங்க, நான். நான்தாங்க."

அவன் புரியாமல் பார்த்தான்.

எதிர்ச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் ஒரு பெண் நின்றாள். வயதை மதிப்பிட முடியாத முகம். அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணும் திறந்தாள். கண்கள் ரொம்பவும் அகன்றிருந்தன.

குழந்தையின் கையைப் பிடித்தாள். எப்படிப் பிடித்தாள் என்று தெரியாது. பிடித்து இழுத்தாள். "வா. அம்மாடா. அம்மா."

குழந்தை வீறிட்டது.

"கைய விடுங்க!" கணவன் குறுக்கே வந்தான். அவளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். கல்யாணமான நாளிலிருந்து அவள்மேல் கோபமாக ஒரு விரல் பட்டதில்லை. "என்னங்க நீங்க, பெரியவங்க. குழந்தை பயப்படுது பாருங்க!"

குழந்தை ஓடியது. உள்ளறையிலிருந்து வந்தவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பியது. அந்தக் கை கீழே வந்தது. குழந்தையின் பிடரியில் மெதுவாக, மூன்று விரலால், மேலிருந்து கீழாக நீவிக்கொடுத்தது. சுண்டெலி அழும்போது இவள் நீவிக்கொடுக்கிற விதம். விசும்பல் அடங்கியது.

"விடுங்க," என்றாள் உள்ளறையிலிருந்து வந்தவள், இவள் கணவனிடம், இவள் குரலில். "பாவம். தனியா இருக்கறவங்க."

இவள் கத்தினாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். குழந்தை பிறந்த ராத்திரியைச் சொன்னாள். அவன் முதுகிலிருக்கும் தழும்பைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் பயம்தான் ஏறியது. இதெல்லாம் இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும் என்ற பயம். நடுச்சுவரைத் திரும்பிப் பார்த்தான். பைகளை எடுத்தான். அவசர அவசரமாக எடுத்தான்.

அவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் பின் ஒருவராக. குழந்தை அந்தத் தோளில் இருந்தது.

கால்கள் வாசற்படி வரைதான் வந்தன. அதற்கு மேல் வரவில்லை. பின்னால், இருட்டான உள்ளறையில், ஒரு ஆண் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காரின் கதவுகள் மூடின. ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. மூன்று பேரும் பின் சீட்டில், நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றாக இருந்தார்கள். அப்பாவின் மடியிலிருந்து குழந்தை எட்டி வாசலைப் பார்த்தது.

"அவங்க ஏம்மா அழறாங்க?"

"நாம போறோம்ல. பக்கத்து வீட்ல இருக்கறவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்டா கண்ணு. டாட்டா சொல்லு."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. பிறகு, பயத்தோடு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாமல், உள்ளேயே வைத்துக்கொண்டு, மரியாதைக்கு விரல்களை மட்டும் அசைத்தது.